ஏழே முக்கால் சுற்று

என் அக்காவுக்கு நன்றாக எண்ண வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன மார்கழியில் மூன்று பேர் சேர்ந்து, அவளுக்கு எண்ண வராது என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். ஒருவர் பட்டுக்கடை முதலாளி. இன்னொருவர் மோட்டார் மெக்கானிக். மூன்றாவது ஆள் நான், அவள் கூடப்பிறந்த தங்கை.

அக்கா ஆரணியில் பாவு ஓட்டுகிறாள். சேலையில் நீளவாட்டில் போகும் இழைகளுக்குத்தான் பாவு என்று பெயர். அவள் வீட்டு முன்கூடத்தில் மார்பு உயரத்துக்கு ஒரு மர உருளை இருக்கிறது. ஒரு பக்கம் சட்டத்தில் பாபின்கள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து வரும் பட்டு இழைகள் ஒரு பட்டையாகச் சேர்ந்து உருளையில் ஏறும். உருளை ஒரு முறை சுற்றினால் இரண்டரை மீட்டர். எட்டுச் சுற்று சுற்றினால் மூன்று சேலைக்கான நீளம். ஒரு பட்டை முடிந்ததும் பக்கத்தில் அடுத்த பட்டை, அதற்கும் எட்டுச் சுற்று. இப்படியே அகலம் நிறையும் வரை போகும். எங்காவது ஒரு பட்டையில் நீளம் குறைந்தாலும் நெய்கிறவருக்குக் கடைசிச் சேலை குட்டையாகிவிடும்.

இருபத்திரண்டு வருடமாக அக்கா அந்தச் சுற்றுகளை வாயால்தான் எண்ணினாள். ‘ஒன்று’ என்று தொடங்கமாட்டாள். நெல் அளக்கிறவர்கள் சொல்வதுபோல ‘லாபம்’ என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று போவாள். எண்ணும்போது உள்ளங்கை உருளையைச் சுற்றியிருக்கும் மரச் சட்டங்கள்மேல் லேசாகப் பட்டுக்கொண்டே இருக்கும். சுற்றில் பாதி எது, கால் எது என்று அந்தக் கைக்குத் தெரியும். நடுவில் பால்காரருக்குப் பதில் சொல்வாள், தெருவில் போகிறவளிடம் ஊர்க்கதை கேட்பாள், என்னைத் திட்டுவாள். எண்ணிக்கை மட்டும் தவறாது. அவள் ஓட்டிய பாவில் நீளம் குறைந்தது என்று ஒருத்தரும் வாசலில் வந்து நின்றதில்லை.

நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பாடம் நடத்துகிற வேலை இல்லை. கருவிகளை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்கி வைப்பது, உடைத்தவர்களைத் திட்டுவது. கடைசி வேலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அக்கா பள்ளிக்கூடம் பாதியில் விட்டவள். நான் பட்டம் வாங்கியவள். அதனால் அவள் என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவாள். அதில் பாதி பெருமை, பாதி குத்தல்.

போன ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் முதலாளி உருளைக்குப் புது மோட்டார் போட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு கவுண்டர். மோட்டார் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம். அது ஐந்து முறை சுற்றினால், பெல்ட் இழுத்துப் பெரிய உருளை ஒரு முறை சுற்றும். கவுண்டர் சின்னச் சக்கரத்தை எண்ணி, ஐந்தால் வகுத்து, சிவப்பு எழுத்தில் காட்டும். எட்டு வந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும். எண்ணவே தேவையில்லை. அக்கா அந்தச் சிவப்பு எழுத்தைப் புது மருமகளைப் பார்க்கிறதுபோலப் பார்த்தாள். மரியாதையாக, கொஞ்சம் சந்தேகமாக.

ஆயுத பூஜை அன்று உருளையைத் துடைத்து அலங்காரம் செய்தது நான்தான். உருளையின் பக்கவாட்டில், நடு அச்சைச் சுற்றி, சந்தனம் குழைத்து மூன்று பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டேன். கோணமானி இல்லாமலே மூன்றும் சம தூரத்தில் அமைந்தன. அதை நானே நின்று ரசித்தேன். மோட்டாரைப் போட்டபோது பெல்ட் ‘கீச்’ என்று கத்தியது. நல்ல நாளும் அதுவுமாய் இது என்ன அபசகுனம் என்று, அக்கா தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து பெல்ட்டின் உள்பக்கம் சில சொட்டு விட்டேன். சத்தம் நின்றுவிட்டது.

“படிச்சவ படிச்சவதான்டி,” என்றாள் அக்கா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு பெல்ட் எப்போது முனகினாலும் நான் போனதும் முதல் வேலை எண்ணெய் விடுவதுதான்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் முதல் புகார் வந்தது. மூன்றாவது சேலையில் ஒரு முழத்துக்கு மேல் குறைவு என்று ஒரு நெசவுக்காரர் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த பாவும் குறைவு. அதற்கடுத்ததும். முதலாளி நல்ல மனிதர்தான், சத்தம் போடுகிறவர் இல்லை. செருப்பை வாசலில் விட்டு, கூடத்தில் வந்து நின்று, உருளையைப் பார்த்தபடியே பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. மூணு பேரு வந்து பேஜார் பண்ணிட்டாங்க. கடைசி சேலைக்கு முந்தானி பத்தலன்றாங்க. நீங்க போன் பாத்துகினே ஓட்டுறீங்களோ?”

“போனு உள்ளார இருக்குதுங்க. அந்த மிஷினு எட்டுன்னு நிக்குது, எனக்கு ஏழே முக்கால்தான் வருது. அத்த மொதல்ல பாருங்க,” என்றாள் அக்கா.

கூட வந்திருந்த மெக்கானிக் சிரித்துவிட்டார். “ஏழே முக்காலா? வாயால யாருங்கம்மா முக்கால் எண்ணுவாங்க? பேச்சு வாக்குல ஒரு சுத்த எண்ணாம வுட்டிருப்பீங்க.”

இருந்தாலும் அவர் சோதித்துப் பார்த்தார். பட்டு எதுவும் இல்லாமல் வெறும் உருளையை ஓடவிட்டு, உருளையின் ஒரு சட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினார். கவுண்டர் எட்டு காட்டியபோது கோடு சரியாக எட்டாவது முறை மேலே வந்து நின்றது. மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் அதேதான். “மிஷினு பொய் சொல்லாதுங்க,” என்றார். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டார். அன்று நான் அங்கே இருந்தேன். அவர்கள் போனதும் அக்காவிடம் நான் சொன்னதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். “வயசாகுதில்லக்கா, எண்ணுறத விடு, அது காட்டுறத மட்டும் பாரு.”

எங்கள் அம்மாவுக்குக் கடைசி ஐந்து வருடம் ஞாபகம் இல்லை. இதே கூடத்தில், இதே உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “எங்க வூட்டுக்கு இட்டுகினு போங்க,” என்று எங்களையே கேட்டுக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டி, ஊட்டி, தெருவில் இறங்கிப் போனால் தேடிப்பிடித்துக் கூட்டிவந்ததெல்லாம் அக்காதான். அம்மாவுக்கு அது ஆரம்பித்தபோது வயது ஐம்பத்திரண்டு. அக்காவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு.

அந்த நாளுக்குப் பிறகு அவள் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினாள். குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தால் அது ஓர் அறிகுறி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடினால் இன்னொன்று. நான் வாரத்துக்கு இரண்டு முறை கண்ணாடியைத் தொலைக்கிறேன், என்னை யாரும் எதுவும் சொல்வதில்லை. அவள் ஒரு பழைய நோட்டில் ‘அடுப்பு அணைத்தேன்’, ‘கதவு சாத்தினேன்’ என்று எழுதிவைக்க ஆரம்பித்தாள். வாயால் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். உருளை சுற்றும்போது கையைக் கட்டிக்கொண்டு, சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கூடத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. பயமாக இருந்தது.

முதலாளி மறுபடி வந்து, அடுத்த பாவும் குறைந்தால் வேறு இடத்தில் கொடுப்பதைத் தவிர தனக்கு வழி இல்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். வேலை போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. தன் தலைக்குள் அம்மாவின் நோய் வந்துவிட்டதா, இல்லையா? அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

அந்த வாரம் கல்லூரியில் மாணவர்கள் மேசை விசிறியை வீடியோ எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. சுற்றுகிற பொருளில் ஒரு அடையாளம் ஒட்டி, வீடியோ எடுத்து, அதில் ஏற்றவேண்டும். சுழலும் மையம் எது என்று நாம் முதலில் காட்டவேண்டும். அடையாளத்தின்மேல் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டால், மென்பொருள் அதை ஒவ்வொரு படமாகத் துரத்திக்கொண்டே போய், எந்த நொடியில் எத்தனை பாகை திரும்பியது என்று வரைபடமாகத் தரும். மொத்தப் பாகையை முந்நூற்று அறுபதால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை. பின்னம் உட்பட. இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான், விசிறியின் இறக்கையைப் பார்த்தபடி, உருளையும் இதேதானே என்று தோன்றியது. வீட்டில் கண் முன்னால் நோய் பிடித்ததுபோல ஒருத்தி நின்றுகொண்டிருக்க, கையில் மருந்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பூட்டித் திறந்துகொண்டிருந்தேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆய்வகத்து ஸ்டாண்டை எடுத்துப்போய், போனை உருளையின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே பொருத்தினேன். கோணலாக வைத்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும், அளவு கெடும். அடையாளம் தனியாக ஒட்டவில்லை. ஆயுத பூஜைப் பொட்டுதான் பளிச்சென்று இருக்கிறதே என்று ஒரு பொட்டைத் தேர்ந்தெடுத்தேன். அக்காவிடம், “வழக்கமா எப்படி எண்ணுவியோ அப்படி எண்ணு, எனக்காக,” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். நடுவில் ஒரு இழை அறுந்தது. நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டினாள். கவுண்டர் எட்டில் நின்றது.

அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியில் ஏற்றினேன். மென்பொருள் ஓடியது, வரைபடம் வந்தது, வகுத்தேன். எட்டு புள்ளி பூஜ்யம் ஏழு. கவுண்டர் எட்டு, கணினியும் எட்டு. அந்தச் சில்லறையை அளவுப் பிழை என்று தள்ளிவிட்டேன்.

“எத்தினி வந்துது?” என்றாள் அக்கா.

“எட்டுதான்க்கா.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முந்தானையால் உருளையின் விளிம்பைத் துடைத்தாள். பிறகு, “திங்கக்கெழம லீவு போடுவியா? வேலூருக்குப் போயி டாக்டர பாத்துட்டு வந்துடலாம். ஜல்தியா பாத்தா ஏதோ மாத்திர தராங்களாம், அம்மாவுக்குத்தான் நாம லேட் பண்ணிட்டோம்,” என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். யார்மேல் என்று தெரியாத கோபம்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் அந்த வீடியோவை மறுபடி போட்டேன். எட்டு புள்ளி பூஜ்யம் ஏழு என்னை உறுத்திக்கொண்டிருந்தது. குறைந்து வந்தால் ஒரு காரணம் சொல்லலாம். எட்டு முடிந்ததும் மோட்டார் நின்றுவிடுகிறது, பிறகு எப்படி எட்டுக்கு மேல் போகும்? மாணவர்கள் இப்படி ஒரு விடையைக் கொண்டுவந்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். என் அக்கா விஷயத்தில் நானே அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். முதல் சுற்று சரி. இரண்டு, மூன்று சரி. நான்காவதில் இழை அறுந்து உருளை நிற்கிறது. அக்கா முடிச்சுப் போட வருகிறாள். அவள் முந்தானை போனுக்குக் குறுக்கே வந்து நான் தேர்ந்தெடுத்த பொட்டை மறைக்கிறது. மென்பொருள் பொட்டைக் காணாமல் தேடுகிறது. பக்கத்தில் அதே அளவில், அதே நிறத்தில், அதே சந்தன விளிம்போடு இன்னொரு பொட்டு. முந்தானை விலகியபோது அது அடுத்த பொட்டுக்குத் தாவி, அதையே தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு போய்விட்டது. உருளை ஒரு இம்மிகூட நகரவில்லை. கணக்கில் மட்டும் மூன்றில் ஒரு சுற்று ஏறிவிட்டது.

பழைய பொட்டை நானே கையால் குறித்துக்கொண்டு போய், மறுபடி வகுத்தேன். ஏழு புள்ளி ஏழு நான்கு.

சரிபார்க்க, வீடியோவைப் போனில் அப்படியே ஓடவிட்டேன். மென்பொருளில் சத்தம் வராது. போனில் வந்தது. மோட்டாரின் இரைச்சலுக்கு நடுவே என் அக்காவின் குரல். “லாபம்… ரெண்டு… மூணு…” இழை அறுந்தபோது யாரையோ சபிக்கிறாள், பிறகு விட்ட இடத்திலிருந்து எடுக்கிறாள். கடைசியில், மோட்டார் நின்றதும், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல மெதுவாக, “ஏழே முக்கால்.”

நான் மேசையை ஓங்கித் தட்டினேன். சோற்று டப்பா குதித்துக் கீழே விழுந்தது. பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர் எட்டிப்பார்த்தார். “இன்னாம்மா ஒடஞ்சிது?” என்றார். “ஒண்ணும் ஒடயல சார், எல்லாம் சரியாயிடுச்சு,” என்றேன். தரையில் கிடந்த சாம்பார் சோற்றை அள்ளும்போது சிரித்துக்கொண்டே அள்ளினேன். என் வாழ்க்கையில் பரீட்சை தேறியபோதும் அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

சாயங்காலம் அக்காவுக்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். அவள் மூன்று முறை கேட்டாள். நம்பவில்லை. “நேத்து எட்டுன்ன, இன்னிக்கு ஏழே முக்கால்ன்ற. எனக்காகச் சொல்றியா?” என்றாள். நியாயமான கேள்வி. அப்போதே மறுபடி ஓட்டிப் பார்க்கலாமே என்று முந்தானையை நனைத்துக்கொண்டு பொட்டுகளைத் துடைக்கப் போனேன். ஒன்றை விட்டு இரண்டை அழித்தால் போதும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பூஜைக்கு வச்ச பொட்ட அழிப்பாங்களாடி? அடுத்த ஆயுத பூஜ வரைக்கும் அது இருக்கணும்.”

“அப்ப அது கொழப்பிகினே இருக்குமே?”

அவள் யோசித்தாள். உள்ளே போய், குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் இரண்டைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். ஏதோ கல்யாணத்துக்குச் சேலைக்குப் பொருத்தமாக வாங்கியவை. “இத்தமாதிரி இன்னொண்ணு அங்க இல்ல, அது எங்க தாவும்?” என்றாள். மென்பொருள் எப்படி ஏமாந்தது என்பதை எங்கள் மாணவர்களைவிட விரைவாகப் புரிந்துகொண்டுவிட்டாள். பச்சையை உருளையின் விளிம்பில், முந்தானை மறைக்காத இடத்தில் ஒட்டினோம். நீலத்தை மோட்டார் பக்கத்துச் சின்னச் சக்கரத்தில் ஒட்டலாம் என்பதும் அவள் யோசனைதான். “அதுங்க ரெண்டும் ஒண்ணா போவுதான்னு பாக்கலாமே.” அன்று ஓட்டவில்லை. ஓட்டிப் பார்ப்பதென்றால் முதலாளி கண் முன்னால்தான் ஓட்டவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை முதலாளியும் மெக்கானிக்கும் வந்தார்கள். நான் விளக்கத் தொடங்கினேன். மெக்கானிக் குறுக்கிட்டு, அன்றைக்கே சோதித்தாயிற்றே என்றார். “வெறும் உருளைய ஓட்டுனீங்க. பட்டு இழுக்கும்போது ஓட்டுனீங்களா?” என்று கேட்டேன். என் குரல் ஆய்வகக் குரலாக மாறியிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

அக்கா ஓட்டினாள். இந்தத் தடவை உள்ளங்கை சட்டங்கள்மேல் இருந்தது, எண்ணுவதும் காதில் கேட்டது. இழை இரண்டு முறை அறுந்தது. ஆக, உருளை மூன்று முறை புதிதாகக் கிளம்பியது. எட்டில் நின்றது. நான் கணினியைத் தொடும் முன்னால் முதலாளியே அக்காவைக் கேட்டார்.

“எத்தினிங்கம்மா உங்க கணக்குல?”

“ஏழரை சுத்தும் ஒரு ஜாணும்.”

“ஏழரைன்னு சொல்லாதீங்கம்மா, சனி பிடிச்சிக்கும்,” என்றார் மெக்கானிக். யாரும் சிரிக்கவில்லை.

மென்பொருள் முதலில் நீலப் பொட்டைத் துரத்தியது, பிறகு பச்சையை. முதலாளியும் மெக்கானிக்கும் என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். அக்கா மட்டும் தள்ளி நின்றாள். நீலம்: ஐந்தால் வகுத்தால் சரியாக எட்டு. கவுண்டர் பொய் சொல்லவில்லை. தன் சக்கரத்தை அது ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறது. பச்சை: ஏழு புள்ளி ஐந்து ஒன்பது. ஏழரை போக மீதியை இரண்டரை மீட்டரால் பெருக்கிக் காட்டினேன். இருபத்திரண்டரை சென்டிமீட்டர். முதலாளி தன் கையை விரித்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பார்த்தார்.

“சக்கரத்த எண்ணி உருளைக்குச் சாட்சி சொல்லிகினு இருந்திருக்குது. வேலிக்கு ஓணான் சாட்சி,” என்றேன். இதை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினேன். ஒன்றோடொன்று ஒட்டிப் போகின்றன. உருளை கிளம்புகிற ஒவ்வொரு இடத்திலும், மூன்று இடத்திலும், நீலம் முன்னால் ஓட, பச்சை கொஞ்சம் பின்தங்குகிறது. அதற்குப் பிறகு மறுபடி ஒன்றாகவே போகின்றன. மெக்கானிக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. தொழில் தெரிந்தவர்தான், புரிந்துவிட்டது. “கெளம்பும்போது பெல்ட் வழுக்குதுங்க. வெறும் உருளைன்னா வழுக்காது, பட்டு இழுக்கறப்பதான் வழுக்கும். என் மேலதான் தப்பு,” என்றார். முதலாளி அக்காவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அவரைவிட வயதில் சின்னவள் அவள். “மன்னிச்சிக்கங்கம்மா. உங்க வாய்க்கணக்கு எத்தினியோ, அதான் இனிமே கணக்கு,” என்றார்.

அக்கா நிமிர்ந்து நின்றாள். மூன்று வாரமாகக் கூன் விழுந்திருந்தவள் நிமிர்ந்ததைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் என்னால்தான், என் மூளைதான், என் மென்பொருள்தான் என்று நெஞ்சு விம்மி நின்றுகொண்டிருந்தேன்.

மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி விரலால் உள்பக்கம் தடவினார். முகர்ந்து பார்த்தார்.

“இன்னாங்க இது, தேங்கா எண்ண வாசன வருது? பெல்ட்டு கீச்சுன்னு கத்துனா அது வழுக்குதுன்னு அர்த்தம். டைட் பண்ணச் சொல்லி நம்மள கூப்புடணும். எண்ணெ ஊத்துனா சத்தம் அடங்கிடும், இன்னும் நல்லா வழுக்கும். யாருங்க ஊத்துனது?”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்தது அக்காவின் செலவில். ஆய்வகத்தில் கருவி உடைத்தவனைப் பார்த்து நான் எப்படிக் கேட்பேனோ அதே குரலில் அவர் கேட்டார். நான் மடிக்கணினியை மூடினேன். அக்கா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று ஒரு நொடி நம்பினேன்.

“ஆயுத பூஜ அன்னிக்கு மூணு சொட்டு,” என்று தொடங்கினாள், விரல் மடக்காமல், உருளையைப் பார்த்தபடி. “தீபாவளிக்கு மொதநாளு நாலு. கார்த்திகைக்கு வெளக்கேத்த வந்தப்ப ரெண்டு. போன வெள்ளிக்கெழம காலேஜ் போறப்ப அவசரமா ரெண்டு. மொத்தம் பதினோரு சொட்டு. எல்லாம் எங்க மேடம் கைவேல. நான் எண்ணிகினுதான் இருந்தேன்.”

முதலாளிதான் முதலில் சிரித்தார். பிறகு அக்கா சிரித்தாள். உருளையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, “திங்கக்கெழம லீவு போட வேணாம்டி,” என்றாள்.